பறவைக் காசும் ஒரு சுவரும்

இந்த வீட்டில் ஒரு சுவராவது என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வீடு முழுக்க வேண்டாம். ஓர் அறைகூட வேண்டாம். ஒரே ஒரு சுவர். கூடத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே, நாள் முழுக்க வெளிச்சம் விழுகிற அந்தச் சுவர். காலையில் பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு இது. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்க அறிவிக்க முடியவில்லை. அதனால்தான் அந்த முடிவு மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது, எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைத் தொலைப்பது, பிறகு தரையில் தவழ்ந்து அதைத் தேடுவது எல்லாம் நான்தான். முதலாளி என் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பயந்து நடுங்கி வருகிறவர்களுக்குப் பேச்சுக் கொடுத்து, நாற்காலி வரைக்கும் நடத்திக்கொண்டு போவது அவள் வேலை. “ஒன்னுமே வலிக்காது” என்பாள். அவர்களும் நம்பி வாயைத் திறப்பார்கள். அங்கே அவளுக்கு ‘வலிக்காதக்கா’ என்றே பெயர். பல்லைப் பறிகொடுத்தவர்கள்கூட வெளியே போகும்போது அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இந்தத் திறமையை அவள் வேலை நேரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதுதான் என் குறை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் காசு சேர்க்கிறேன். சேர்க்கிறேன் என்றால் வங்கியில் அல்ல. அப்படிச் சேர்த்திருந்தால் மாமனார் என்னோடு இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசியிருப்பார். நான் சேர்ப்பது செல்லாத காசு. அதிலும் பறவைக் காசு என்றால் எனக்கு உயிர். செப்புக் காசு அது. ஒரு பக்கம் சிறகை விரித்த பறவை, மறுபக்கம் அது அடிக்கப்பட்ட வருஷம். அத்தனையும் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. வீட்டுக்கு யாராவது வந்தால், “காட்டட்டுமா?” என்று கேட்பேன். உடனே அவர்களுக்கு அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்துவிடும். என் மைத்துனர் ஒருதடவை அவசரத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். யாராவது ஒருத்தர் என் காசுகளுக்கு முன்னால் நின்று, குனிந்து பார்த்து, “அட!” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வாழ்க்கை லட்சியம்.

அந்த நேரத்தில்தான் பழைய தபால்தலையும் காசும் விற்கிற கடை ஒன்றை மூடினார்கள். அங்கே எனக்கு இரண்டு காசுப்பலகைகள் கிடைத்தன. என்ன கொடுத்து வாங்கினேன் என்பதை எழுத மாட்டேன். இதை என் மனைவியும் படிப்பாள்.

காசுப்பலகை என்றால் மரப்பலகை அல்ல, பிளாஸ்டிக். முன்னால் கண்ணாடி மாதிரி தெளிவான கெட்டித் தகடு. நடுவில் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட கறுப்புத் தகடு. பின்னால் ஒளி புகாத வெள்ளைத் தகடு. மூன்றையும் சேர்த்து மூலைக்கு மூலை ஸ்க்ரூ. காசு ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். அதன் முன்பக்கம் உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் கடவுளுக்குத் தெரியும். இந்த மாதிரிப் பலகையை இப்போது யாரும் செய்வதில்லை. இப்போது வருவதெல்லாம் விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கிற சமாச்சாரம். பழைய பிளாஸ்டிக்குக்கு ஒரு கனம் உண்டு. வயதாகி, லேசாகத் தேன் நிறம் ஏறி, கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வரும். எனக்கும் வயதாகிறது, என்னிடம் அந்த நிறமும் வரவில்லை, மரியாதையும் வரவில்லை.

முதல் பலகை காலி. ஒவ்வோர் ஓட்டைக்குக் கீழேயும் ஒரு வருஷம் அச்சிட்டிருந்தது. அந்தந்த வருஷக் காசை நாமே தேடி, வருஷம் தெரிகிற மாதிரி பொருத்த வேண்டும்.

இரண்டாவதுதான் அதிசயம். செய்த இடத்திலேயே காசுகளைப் போட்டு மூடி விற்றது. எல்லாக் காசிலும் பறவைப் பக்கம் வெளியே. வருஷம் உள்ளே. அன்றைக்கு முடுக்கிய ஸ்க்ரூவை இன்றுவரை யாரும் தொட்டதில்லை. எங்கள் நாணயச் சங்கத்தில் இதற்குத் ‘திறக்காத பலகை’ என்று பெயர். திறக்காத பலகையைத் திறக்கவே கூடாது. அது எங்கள் ஆட்களின் சட்டம்.

இதை மனைவிக்கு விளக்கினேன்.

“அப்போ பின்னாடி எந்த வருஷம் இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கணும்னு ஆசை இல்லையா?”

“உயிரே போகுது.”

“திறந்து பாருங்களேன்.”

“திறந்தா போச்சு!”

“என்ன போச்சு?”

“திறக்காததுங்கற பேரு போச்சு.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் வருகிறவர்களை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

“உள்ளே தூசி இருக்குங்க. அந்த மூலையில பாருங்க, படலம் படலமா.”

“அது தூசி இல்லம்மா. அது காலம்.”

“சரி, சரி. துடைக்காம வெச்சுக்கோங்க.”

முதல் பலகையை நிரப்ப ஆரம்பித்தேன். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடி வைத்து, வருஷம் வருஷமாகப் பிரித்தேன். ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று இருந்தவற்றைத் திரும்ப டப்பாவில் போட்டேன். பலகை நிரம்பியது. ஒரே ஓர் ஓட்டையைத் தவிர. அந்த வருஷம் காசு அடிக்கிற இயந்திரம் பாதியிலேயே படுத்துவிட்டதாம். வெளியே வந்ததே கொஞ்சம்தானாம். எவ்வளவோ நாளாகத் தேடுகிறேன், கண்ணில் பட்டதில்லை.

காசு சேர்க்காதவர்களுக்கு இந்த வேதனை புரியாது. நிரம்பிய பலகையில் ஓர் ஓட்டை இருந்தால் மற்றக் காசு எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஓட்டைதான் தெரியும். சாப்பிடும்போது தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும்.

போதாக்குறைக்கு, அது என் மனைவி பிறந்த வருஷம்.

“எல்லா வருஷமும் இருக்கு. நான் பொறந்த வருஷம் மட்டும் ஓட்டையா?” என்றாள்.

“அந்த வருஷத்துல வந்தது கிடைக்கறதே அபூர்வம்மா. எனக்கே வாழ்க்கையில ஒன்னுதான் கிடைச்சிருக்கு” என்று அவளைக் காட்டினேன்.

இப்படி ஒரு வசனம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த சூட்டோடு சுவரைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“ஜன்னலுக்கு எதிர்ச் சுவரா? அது கண்ணாடிக்குங்க.”

“எந்தக் கண்ணாடிக்கு?”

“ஆளுயரக் கண்ணாடி. எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன்! இந்த வீட்டுல இருக்கறதே ஒரு கண்ணாடி, அதுவும் குளியலறையில. அதையும் நீங்க உங்க உயரத்துக்கு மாட்டி வெச்சிருக்கீங்க. அதுல எனக்கு என் நெத்தி மட்டும்தான் தெரியுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் நெத்தியை மட்டும் பார்த்துட்டு வேலைக்குப் போறேன்.”

“நெத்தி நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்குக் கீழே மிச்ச ஆளும் இருக்கேனே! போன வாரம் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி போட்டுக்கிட்டுப் போயிட்டேன். டாக்டர் சொல்லித்தான் தெரியும்.”

“அடடா, நான் கவனிக்கலியே.”

“நீங்க எங்கே கவனிப்பீங்க? நான் என்ன செல்லாத காசா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறவர் வீட்டுல பொண்டாட்டிக்கு ஒரு கண்ணாடி கிடையாது. வெளியில சொன்னா சிரிப்பாங்க.”

“ஜன்னல் பக்கத்துச் சுவர் காலியாத்தானே இருக்கு? அதுல மாட்டிக்கோயேன்.”

“அது ஒரே இருட்டு. இருட்டுல முகம் பார்த்தா எனக்கு எங்கம்மாதான் தெரியறாங்க.”

“காசுக்கும் வெளிச்சம் வேணும்மா.”

“காசு என்ன வேலைக்கா போகப் போகுது?”

நல்ல பதில் எப்போதுமே எனக்கு மறுநாள் கடையில், யாருடைய மூக்கின் மேலாவது கை வைத்திருக்கும்போதுதான் தோன்றும்.

ஆனால் இந்தத் தடவை மறுநாள் தோன்றியது பதில் அல்ல, சதி. எங்கள் சங்கம் வருஷா வருஷம் கண்காட்சி வைக்கும். வாசலுக்கு நேரே முன்மேசை. அதில் யார் காசு என்பதைச் சங்கத் தலைவர்தான் முடிவு செய்வார். வீட்டுக்கே வந்து பார்த்து முடிவு செய்வார். போன தடவை எனக்குக் கொடுத்த மேசை கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. என் காசுகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவசரத்தில் இருந்தவர்கள். இந்தத் தடவை தலைவரை முதலில் அழைத்துவிடுவது, பிறகு மனைவியிடம் சொல்வது. விருந்தாளி வருகிறார் என்றால் அவளால் மறுக்க முடியாது. சுவர் தானாக என் மடியில் விழும்.

தலைவரை ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டேன். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“ஞாயித்துக்கிழமை எங்க தலைவர் வர்றார். காசு பார்க்க. சுவர்ல மாட்டியாகணும். நான் அழைச்சாச்சு. இனிமே ஒன்னும் பண்ண முடியாது.”

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வரட்டுமே. டீ போட்டுத் தர்றேன்.”

“சுவரு?”

“அது இருக்கட்டும். ஓட்டையோடயா காட்டப் போறீங்க?”

சுருக்கென்றது. மடித்த துண்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் தொடர்ந்தாள்.

“எவ்வளவு பெரிய மனுஷன் வர்றார்! முதல்ல அதைத்தானே பார்ப்பார்? எனக்கே மனசு கேக்கல. அந்தக் காசை நான் தேடிப் பார்க்கட்டுமா?”

“நீயா? நான் இத்தனை வருஷமாத் தேடறேன், கிடைக்கல. நீ தேடி எடுத்துடுவியா?”

“ஒருவேளை கிடைச்சா?”

“கிடைக்காது.”

“கிடைச்சா அந்தச் சுவரைக் கண்ணாடிக்குக் குடுப்பீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், விவரம் தெரியாமல் பந்தயம் கட்டுகிறாள் என்று நினைத்தேன்.

“குடுக்கறேன். சுவர் மட்டும் இல்ல, கண்ணாடியை நானே மாட்டியும் தர்றேன். கிடைக்கலைன்னா?”

“கிடைக்கலைன்னா கண்ணாடிப் பேச்சையே எடுக்க மாட்டேன். நெத்தியே போதும்.”

கை கொடுத்தோம். அவள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், கூடத்தில் ஒரு ஆள் என் சுவரில் அளவு நாடாவை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வெட்டுகிறவர்.

“என்ன அண்ணே பண்றீங்க?”

“ஆணி எங்கே வரும்னு குறி வைக்கறேன் சார்.”

“எதுக்கு ஆணி? கண்ணாடியே இன்னும் முடிவாகலியே?”

“வெட்டியாச்சே சார். போன வாரமே மேடம் அளவு குடுத்துட்டாங்க. ஓரமெல்லாம் மழுங்கத் தேய்க்கச் சொன்னாங்க, தேய்ச்சாச்சு.”

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தக் கணவனும் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது. பந்தயம் முடியுமுன்பே, அதுவும் பந்தயம் கட்டுமுன்பே கண்ணாடியை வெட்டச் சொல்லிவிட்டாளே, தோற்ற பிறகு அதை எங்கே வைப்பாள் என்று கவலைப்பட்டேன். அவள் அழுதால் எப்படித் தேற்றுவது என்று இரண்டு மூன்று வாக்கியங்கள்கூடத் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்ததும் என் முன்னால் ஒரு பஞ்சுருண்டையை வைத்தாள். பல் பிடுங்கிய இடத்தில் வைக்கிற பஞ்சு.

“பிரிச்சுப் பாருங்க. வலிக்காது.”

பிரித்தேன். பறவைக் காசு. திருப்பினேன். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே வருஷம். அவள் பிறந்த வருஷம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

“எங்கே கிடைச்சுது?”

“தேடற இடத்துல தேடினேன், கிடைச்சுது.”

“யார்கிட்ட இருந்துச்சு? சொல்லேன்!”

“தெரிஞ்ச மனுஷர் ஒருத்தர்கிட்டத்தான் இருந்துச்சு. தன்கிட்ட இருக்குன்னு அவருக்கே தெரியாது.”

“தெரியாதா? கையிலேயே வெச்சுக்கிட்டா?”

“தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தார். அப்பவும் தெரியல.”

“அடப் பாவமே! இப்படியும் ஒரு ஆளா?”

“ரொம்ப நல்லவருங்க. விவரம்தான் கொஞ்சம் கம்மி.”

“நீ அவரை ஏமாத்தலையே?”

“சேச்சே. எடுத்த இடத்துல வேற காசு வெச்சுட்டேன். அவர் கவனிக்கவே இல்ல.”

அந்த மனிதரை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

காசை ஓட்டையில் பொருத்தி, ஸ்க்ரூவை முடுக்கினேன். பலகை நிரம்பியது. என் நெஞ்சும் நிரம்பியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சுவர் என்ன, கூரையையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். சனிக்கிழமை கண்ணாடி வந்தது. சொன்ன சொல் தவறாமல் நானே மாட்டினேன். கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் அடி.

அவள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கவாட்டில் திரும்பினாள். காலைப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “நான் இப்படித்தான் இருக்கேனா?” என்று யாரிடமோ கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். எனக்கு என்னவோ செய்தது. ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு நாள் இவளைக் காக்க வைத்தோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டேன். அதோடு, நெற்றிக்குக் கீழேயும் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

என் பலகைகள் இரண்டையும் ஜன்னலை ஒட்டிய இருட்டுச் சுவரில் மாட்டினோம். மாட்டிவிட்டுப் பார்த்தால் அது இருட்டாகவே இல்லை. ஜன்னலில் நுழைகிற வெளிச்சம் எதிரே கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நேராக என் காசுகள்மேல் விழுந்தது.

“இது எப்படி?”

“கண்ணாடி மாட்டினா இப்படித்தான் விழும். உங்களுக்குத் தெரியாதா? கண்ணாடிக் கடையிலதானே இருக்கீங்க?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற எடைக்கல் ஆய்வாளர் அவர். கடை கடையாகப் போய், தராசில் வைத்த முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்த்தே வேலைக் காலத்தைக் கழித்தவர். டீக் குவளையைக் கையில் கொடுத்தால்கூட அடியில் ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

வருஷப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். குனிந்தார். விரலை ஒவ்வொரு வருஷமாக நகர்த்திக்கொண்டே வந்தார். அந்த வருஷத்தில் விரல் நின்றது.

“அட!” என்றார்.

அந்த ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நான் இறந்து பிறந்தேன்.

“இது எங்கே கிடைச்சுது ஐயா? நான் பார்த்ததே இல்லையே!”

“எல்லாம் ஒரு தேடல்தான்” என்றேன் அடக்கமாக. என் மனைவி பிஸ்கட் தட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்து அவர் திறக்காத பலகைக்குப் போனார். முகமே மாறிவிட்டது. கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“திறக்காததா?”

“செஞ்ச இடத்துல முடுக்கினது. மனுஷக் கை பட்டதில்ல.”

“இது போதும் ஐயா. முன்மேசை உங்களுக்குத்தான்” என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பழக்க தோஷம். ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தார். கடைசி ஸ்க்ரூவில் வெகு நேரம் நின்றார். நிமிர்ந்தபோது பழைய ஆய்வாளர் முழுசாகத் திரும்பி வந்திருந்தார்.

“இந்த ஸ்க்ரூத் தலையில கீறல் இருக்கு. புதுக் கீறல்.”

“இருக்காதே!”

“கொக்கி மாதிரி ஏதோ வெச்சுத் திருகியிருக்காங்க. இதைத் திறந்திருக்கீங்க. திறந்துட்டுத் திறக்காததுன்னு சொல்றீங்க. என்கிட்டயே. சங்கத்துல இதுக்கு இடமே இல்ல ஐயா. மேசை இருக்கட்டும், இனிமே நீங்க உறுப்பினரா இருக்கறதே சந்தேகம்.”

பிடித்த கொம்பு கையோடு வந்துவிட்டது போல இருந்தது. சத்தியமாக நான் தொடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அப்போது என் மனைவி டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“அவரை ஒன்னும் சொல்லாதீங்க ஐயா. அவர் நிஜமாவே தொடல. திறந்தது நான்.”

“நீயா?” என்றேன்.

“உள்ளே தூசியா இருந்துச்சுங்க. பார்க்கப் பார்க்க மனசு கேக்கல. அவர் கடைக்குப் போனப்போ, பல்லுல கறை எடுக்கற பழைய கொக்கி ஒன்னை ஆஸ்பத்திரியில தூக்கிப் போட வெச்சிருந்தாங்க, அதை வெச்சுத் திறந்தேன். துடைச்சுட்டு அப்படியே மூடிட்டேன். அவருக்குத் தெரியாது.”

என் மூளை மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. திறந்திருக்கிறாள். பின்பக்கம் பார்த்திருக்கிறாள். தெரிந்த மனுஷர். தினமும் பார்த்தும் தெரியவில்லை. ரொம்ப நல்லவர். விவரம்தான் கொஞ்சம் கம்மி.

“அந்தக் காசு…” என்றேன்.

“அதுலேர்ந்துதான்” என்றாள். “உங்க டப்பாவுலேர்ந்து ஒன்னை எடுத்து அந்த இடத்துல வெச்சுட்டேன். பறவை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு.”

தலைவர் வெடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அவர் என் மனைவிக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

“ஏம்மா… மத்ததுக்கெல்லாம் பின்னாடி என்ன வருஷம் இருந்துச்சு?”

அவள் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கதை கேட்கிற குழந்தை மாதிரி வாயைப் பிளந்து கேட்டார்.

“என்கிட்டயும் ஒரு திறக்காத பலகை இருக்கும்மா. வேலையில சேர்ந்த புதுசுல வாங்கினது. உள்ளே என்ன இருக்குன்னு நினைச்சு நினைச்சே கிழவனாயிட்டேன். சட்டம் போட்டதே நான்தான். இப்போ நானே எப்படித் திறக்கறது?”

“கொண்டு வாங்க ஐயா. நான் பார்த்துக்கறேன். ஒன்னுமே வலிக்காது.”

அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “முன்மேசை உங்களுக்குத்தான் ஐயா. ஆனா அம்மா கட்டாயம் வரணும். அவங்க வரலைன்னா நீங்களும் வர வேண்டாம்.”

கதவைச் சாத்தினேன். இதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

“அது என் காசு! என் வீட்டுல, என் பலகையில இருந்த என் காசு! அதை எனக்கே குடுத்து என் சுவரை வாங்கிட்டியே! இது பந்தயமா? பகல் கொள்ளை! செல்லாது!”

“நியாயம்தாங்க” என்றாள் அவள்.

நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த வீட்டில் என் பக்கம் நியாயம் வந்து நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

“ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன். பந்தயம் செல்லாது. கண்ணாடியைக் கழட்டிடலாம், சுவரை நீங்களே எடுத்துக்கோங்க. அந்தக் காசை நான் எங்கேயிருந்து எடுத்தேனோ அங்கேயே திருப்பி வெச்சுடறேன். கொக்கி பையிலதான் இருக்கு. எடுக்கட்டுமா?”

நான் வருஷப் பலகையைப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் நிரம்பி, வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் பிறந்த வருஷத்தின் மேல் அந்தக் காசு அழகாக உட்கார்ந்திருந்தது. அது இல்லாத ஓட்டையை நினைத்துப் பார்த்தேன். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், என் பதிலுக்காக நின்றாள்.

பிறகு வேறு ஏதோ வேலையாகப் போகிறவன் மாதிரி எதிர்ச் சுவருக்குப் போய், கண்ணாடியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, “லேசாச் சாஞ்சிருக்கு போலிருக்கே, நேராக்கி வைக்கறேன்” என்றேன்.

“அது நேராத்தான் இருக்கு” என்றாள் அவள். “நீங்கதான் சாஞ்சு நிக்கறீங்க.”